சாம்பல் ஆண்டில் கலீபா உமர் (ரலி) அவர்கள்

வட சென்னையில் வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களின் பிழைப்பு கடலையும் கூலியையும் நம்பியது. துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால் கூலி. ஆலையில் சங்கு ஊதினால் சம்பளம். காசிமேட்டில் படகு கரை சேர்ந்தால் வியாபாரம். இவற்றில் ஒன்று நின்றுபோனாலும் மறுவாரமே அடுப்படியில் அதன் வேதனை தெரிந்துவிடும். ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை இந்தக் கரையில் வாழ்வோர் இதைப் பலமுறை பார்த்துவிட்டார்கள்.

1906 அக்டோபரில் சென்னையின் பெரிய வங்கி நிறுவனமான ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு ஒரே நாளில் மண்ணாயிற்று. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தபோது ஊரே மிரண்டு ஓடியது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் சென்னை பாதி காலியாயிற்று. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2015 டிசம்பர் வெள்ளம், 2016 நவம்பர் 8 இரவு செல்லாமற்போன நோட்டுகள், 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அதையடுத்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய கச்சா எண்ணெயும் நம் கண்ணெதிரே நடந்தவை.

இப்படி ஒரு சோதனை வரும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு வகையினரைக் காண்கிறோம். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி எதையும் ஆயத்தம் செய்யாதவர் ஒரு வகை. அச்சம் வந்த மாத்திரத்தில் கடைக்கு ஓடி, அக்கம்பக்கத்தாருக்கு ஒரு படி அரிசிகூட மிஞ்சாதபடி வாரிக்கொண்டு வருபவர் மற்றொரு வகை. இந்த இரண்டில் எது மார்க்கம்? இரண்டுமே அல்ல என்பதை ஒரு மாமனிதரின் வாழ்க்கை நமக்குக் காட்டித் தருகிறது. அவர்கள்தாம் இஸ்லாத்தின் இரண்டாம் கலீபா ஹஜ்ரத் உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்கள்.

ஒட்டகம் மேய்த்த இளமை

உமர் (ரலி) அவர்கள் மக்காவில் குறைஷிகளின் பனூ அதீ கிளையில் பிறந்தார்கள். தந்தை கத்தாப் கண்டிப்பானவர். மகனைப் பாலைவெளியில் ஒட்டகம் மேய்க்க அனுப்பினார். களைத்தாலும் அடி, சோர்ந்தாலும் ஏச்சு. கலீபாவான பிறகு ஒருமுறை அந்த மேய்ச்சல் நிலத்தின் வழியாகச் சென்றபோது, அங்கே பட்ட பாட்டை நினைவுகூர்ந்து, இன்று தமக்கும் இறைவனுக்கும் இடையில் வேறு அதிகாரி இல்லையே என்று நெகிழ்ந்தார்கள். பசியையும் தாகத்தையும் சிறு வயதிலேயே அறிந்த அந்த உடம்புதான் பின்னர் ஒரு பஞ்சத்தையே தாங்கி நின்றது.

அக்காலத்து மக்காவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் வெகு சிலர். அந்தச் சிலரில் உமர் (ரலி) அவர்களும் ஒருவர். வியாபாரமும் அறிந்தவர்கள். நபித்துவத்தின் ஆறாம் ஆண்டளவில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். பின்னர் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து, நகரின் ஓரத்தில் குடியிருந்தார்கள். அங்கே ஓர் அன்சாரித் தோழரும் அவர்களும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவர் நபி (ஸல்) அவர்களின் சபைக்குச் செல்வார். மற்றவர் தொழிலைக் கவனிப்பார். மறுநாள் அவர் செல்வார். இவர் தொழில் பார்ப்பார். மாலையில் அன்று கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். தீனுக்காகத் தொழிலையும் விடவில்லை. தொழிலுக்காகத் தீனையும் விடவில்லை.

பாதி கொடுத்தார்கள், பாதி வைத்தார்கள்

தபூக் போருக்கு ஆயத்தம் நடந்த நேரம். கடும் வெயில், மக்களுக்குக் கையில் வசதி இல்லை. நபி (ஸல்) அவர்கள் பொருளுதவி கேட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் தம் செல்வத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியைக் கொண்டுவந்து வைத்தார்கள். குடும்பத்துக்கு என்ன வைத்தீர் என்று கேட்கப்பட்டபோது இதே அளவு வைத்திருக்கிறேன் என்றார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களோ அனைத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களுடைய ஈமானின் உயரம் தனி. ஆனால் குடும்பத்துக்குப் பாதி வைத்த உமர் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை என்பதைக் குடும்பஸ்தராகிய நாம் கவனிக்க வேண்டும்.

பனூ நளீர் நிலத்தின் விளைச்சலிலிருந்து நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைப்பார்கள் என்ற செய்தியை நமக்கு அறிவிப்பவரும் உமர் (ரலி) அவர்களே. தவக்குலில் நாயகத்தை மிஞ்சியவர் எவர்? அத்தகையோரே வீட்டுக்கு உணவு ஒதுக்கினார்கள் என்றால், அரிசிப் பானையில் அரிசி இருப்பது தவக்குலுக்கு விரோதமாக முடியாது. எதையும் செய்யாமல் இறைவனை நம்பியிருப்பதாகச் சொன்ன ஒரு கூட்டத்தாரிடம், விதையை மண்ணில் இட்டுவிட்டுப் பிறகு இறைவனை நம்புபவரே தவக்குல் உடையவர் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் புத்தி சொன்னதாகவும் நூல்கள் கூறுகின்றன.

கைபரில் அவர்களுக்கு நல்ல நிலம் ஒன்று கிடைத்தது. அதுவரை கிடைத்த பொருள்களிலெல்லாம் அதுவே அவர்களுக்கு உயர்வாகப் பட்டது. என்ன செய்யலாம் என்று நாயகத்திடம் யோசனை கேட்டு, அந்த நிலத்தை வக்பு செய்தார்கள். நிலத்தை விற்கவோ, அன்பளிப்பாகத் தரவோ, வாரிசுரிமையாகப் பங்கிடவோ கூடாது. அதன் விளைச்சல் ஏழைகளுக்கும், உறவினருக்கும், அடிமை விடுதலைக்கும், வழிப்போக்கருக்கும், விருந்தினருக்கும் உரியது. மேற்பார்ப்பவர் நியாயமான அளவு உண்ணலாம். நல்ல காலத்தில் மரத்தை நட்டு, கெட்ட காலத்துக்கு நிழலை உண்டாக்கிய செயல் இது. நம் முன்னோர் விட்டுச்சென்ற வக்பு சொத்துக்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

அளந்து பார்த்த ஆட்சி

ஹிஜ்ரி 13-ல் (கி.பி. 634) உமர் (ரலி) அவர்கள் கலீபா ஆனார்கள். பாரசீகமும் ஷாமும் வெல்லப்பட்டு செல்வம் குவிந்தது. ஆனால் அவர்கள் உடையில் ஒட்டுத்துணி குறையவில்லை. மக்களுக்கு மாதப்படி எவ்வளவு தானியம் வேண்டும் என்பதை அவர்கள் ஊகத்தால் முடிவு செய்யவில்லை. குறிப்பிட்ட அளவு மாவை ரொட்டியாகச் சுடச் செய்து, சிலரை அழைத்து வயிறார உண்ணச் செய்து, அந்தக் கணக்கின்படி ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று விதித்தார்கள்.

ஒரு இரவு, ஊருக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்தைக் காவல் காக்கச் சென்றபோது ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டார்கள். பால் மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்று கலீபா விதித்திருப்பதால், அதைப் பெறத் தாய் முன்கூட்டியே பாலை நிறுத்துகிறாள் என்று தெரிந்தது. தம் சட்டமே ஒரு குழந்தையைப் பட்டினி போட்டதை எண்ணி அவர்கள் அன்று சுபுஹுத் தொழுகையில் ஓதியது அழுகையால் மற்றவருக்குப் புரியவில்லை. தொழுகை முடிந்ததும், பிறந்த நாள் முதலே குழந்தைக்கு உதவித்தொகை என்று சட்டத்தை மாற்றினார்கள்.

சாம்பல் ஆண்டு

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு (கி.பி. 639) இரு பெரும் சோதனைகள் வந்தன. ஷாமில் அம்வாஸ் என்னும் கொள்ளைநோய். ஹிஜாஸில் மழையின்மையால் கொடும் பஞ்சம். பூமி கருகிச் சாம்பல் நிறமாயிற்று. காற்றடித்தால் சாம்பல்போல் புழுதி பறந்தது. அதனால் அரபிகள் அதை ஆமுர் ரமாதா, சாம்பல் ஆண்டு என்று அழைத்தார்கள். ஏறத்தாழ ஒன்பது மாதம் நீடித்த அந்தப் பஞ்சத்தில் பாலைவனத்து மக்கள் கூட்டம் கூட்டமாக மதீனாவைச் சுற்றி வந்து குவிந்தார்கள்.

கலீபா அவர்கள் செய்த முதல் காரியம் தம் வாயைக் கட்டியது. மக்களுக்கு வளம் திரும்பும்வரை நெய்யும் பாலும் இறைச்சியும் தொடுவதில்லை என்று உறுதி கொண்டார்கள். வெறும் ஒலிவ எண்ணெயும் ரொட்டியும் உண்டு சிவந்த மேனி கறுத்துப்போயிற்று. சந்தைக்கு வந்த நெய்யும் பாலும் பெரும் விலைக்கு வாங்கப்பட்டு அவர்களிடம் கொண்டுவரப்பட்டன. அவற்றைத் தருமம் செய்துவிடச் சொன்னார்கள். மக்களைத் தொட்ட துன்பம் தம்மைத் தொடாவிட்டால் அவர்கள் நிலை தமக்கு எப்படி விளங்கும் என்பது அவர்கள் எண்ணம். தம் வீட்டுப் பிள்ளை கையில் பழம் இருந்ததைக் கண்டு, சமுதாயம் பட்டினி கிடக்கையில் இது தகுமா என்று கடிந்துகொண்டார்கள்.

இரண்டாவது காரியம் ஒழுங்கு. மதீனாவின் நான்கு திசையிலும் பொறுப்பாளர்களை நியமித்தார்கள். அவர்கள் மாலைதோறும் கூடி நிலைமையைச் சொல்ல வேண்டும். விடியுமுன்னே பெரிய கொப்பரைகளில் சமையல் தொடங்கிவிடும். ஓர் இரவு எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். கலீபாவின் விரிப்பில் வந்து உண்டவர் 7,000 பேர். வர இயலாத நோயாளிகள், பெண்கள், குழந்தைகள் 40,000 பேர். பிறகு அந்தத் தொகை இன்னும் உயர்ந்தது. எண்ணினால்தான் ஊட்ட முடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மூன்றாவது, வெளியூர் உதவி. மாகாண ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஷாமிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் 4,000 ஒட்டகங்களில் உணவு ஏற்றித் தாமே கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு ஜகாத் வசூலைத் தள்ளிவைத்தார்கள். வளம் திரும்பிய பிறகு ஈராண்டு ஜகாத்தைச் சேர்த்து வசூலித்து, அதில் ஒரு பங்கை அந்தந்த ஊரிலேயே ஏழைகளுக்குப் பங்கிடச் செய்தார்கள். பசியால் திருடியவர்மீது திருட்டுக்குரிய தண்டனையை நிறைவேற்றவில்லை. பஞ்ச காலத்தில் முதல் குற்றவாளி பசித்தவன் அல்லன் என்பதே இதன் பொருள்.

நான்காவதாக அவர்கள் மனத்தில் ஒரு திட்டம் இருந்தது. மழை வராதிருந்தால், வசதியுள்ள ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை ஏழைகளை அந்த வீட்டோடு சேர்த்துவிடுவதாக இருந்தார்கள். ஒருவர் உணவை இருவர் பகிர்ந்தால் வயிறு நிறையாது. ஆனால் எவரும் சாகமாட்டார் என்பது அந்தத் திட்டம். வாசக சகோதரர்களே, இதைப் படிக்கும்போது நமக்கு உடல் சிலிர்க்கிறது. நம் வீட்டில் ஐந்து பேர் என்றால், இன்னும் ஐந்து பேருக்கு இடம் தருவோமா?

இறுதியில் மக்களோடு திடலுக்குச் சென்று, நாயகத்தின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழைக்காகத் துஆச் செய்தார்கள். மழை பெய்தது. அகதிகளாய் வந்தவர்களை ஊருக்கு வெளியே கூடாரத்தில் கிடக்க விடாமல், வழிச்சாப்பாடும் வாகனமும் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். துஆவும் இருந்தது, கொப்பரையும் இருந்தது. ஒன்றுக்காக மற்றொன்று நிறுத்தப்படவில்லை.

கால்வாயும் துறைமுகமும்

பஞ்சம் போனதும் நாம் அதை மறந்துவிடுவோம். உமர் (ரலி) அவர்கள் மறக்கவில்லை. மிஸ்ரு வெல்லப்பட்ட பின் அதன் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைக்கொண்டு, தூர்ந்துகிடந்த பழைய கால்வாயை மீண்டும் தோண்டி நைல் நதியைச் செங்கடலோடு இணைக்கச் செய்தார்கள். குல்ஸும் துறையிலிருந்து தானியக் கப்பல்கள் புறப்பட்டு மதீனாவின் துறைமுகமான ஜாருக்கு வந்தன. அங்கே தானியக் கிடங்குகள் எழுந்தன. அமீருல் முஃமினீன் கால்வாய் என்றே அது பெயர் பெற்று, அவர்களுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பயன்பட்டது.

திருவொற்றியூர், எண்ணூர் வழியாக ஓடும் பக்கிங்காம் கால்வாயைத் தினமும் கடந்து செல்லும் நமக்கு இது நெருக்கமான செய்தி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பட்டினி கிடந்தவர்களின் கைகளே அதை வெட்டின. அதே 1877-ல் நிவாரண வேலையாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று அரசு குறைத்தது. மருத்துவ அதிகாரியின் கடும் எதிர்ப்புக்குப் பிறகே உயர்த்தியது. சிக்கனக் கணக்கு ஏட்டிலிருந்து தொடங்கியது. உமர் (ரலி) அவர்களின் கணக்கோ வயிறார உண்ணச் செய்து பார்த்ததிலிருந்து தொடங்கியது. வேறுபாட்டை வாசகர்களே உணர்ந்துகொள்ளலாம்.

விதியிலிருந்து விதிக்கு

ஷாமுக்குப் பயணம் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பது வழியில் ஸர்க் என்ற இடத்தில் தெரியவந்தது. கலீபா தோழர்களைக் கூட்டி ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீபா விடையளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தபோது, தம் முடிவு அதற்கு இசைந்ததற்காக இறைவனைப் புகழ்ந்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள் அந்நோயில்தான் ஷாமில் ஷஹீதானார்கள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறி மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்வதும் அல்லாஹ்வின் விதியே. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

கடைசிக் கணக்கு

ஹிஜ்ரி 23 துல்ஹஜ்ஜில் (கி.பி. 644) சுபுஹுத் தொழுகையில் அபூ லுஃலுஆ என்பவன் அவர்களைக் குத்தினான். படுக்கையில் கிடந்தபோது அவர்கள் மகன் அப்துல்லாஹ்விடம் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். 86,000 அளவில் வந்தது. முதலில் தம் குடும்பச் சொத்திலிருந்தும், போதாவிடில் பனூ அதீயாரிடமும், அதுவும் போதாவிடில் குறைஷியரிடமும் பெற்று அடைக்கும்படி வரிசை சொன்னார்கள். அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டு, நாயகத்தின் அருகில் அடங்கினார்கள். மரணம் என்ற கடைசி அவசரத்துக்கும் ஆயத்தமாகவே அவர்கள் இருந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

இந்த வாழ்க்கையிலிருந்து நம் வீடுகளுக்கு நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலில் அளந்து பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு முந்நூறு கிராம் அரிசி என்று கொண்டால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 45 கிலோ. ஒரே நாளில் வாங்க வேண்டாம். மத்ரஸாவுக்குப் பிடியரிசி எடுத்துவைத்த நம் தாய்மார்களின் பழக்கப்படி, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி ஒதுக்குங்கள். வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ போட்டு மூடி, பழையதை முதலில் எடுத்துப் புதியதை நிரப்புங்கள். ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டராவது குடிநீர், நாள்தோறும் உண்ணும் மருந்து இரண்டு வாரத்துக்கு, தீப்பெட்டி, டார்ச், மின்சாரம் நின்றால் உதவச் சில்லறை நோட்டுகள் இருக்கட்டும். குடும்ப அட்டை, பத்திரங்களை பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பரணில் வையுங்கள்.

இரண்டாவது, மலிவாக நிறையக் கிடைக்கும் காலத்தில் வீட்டுக்குச் சேமிப்பது ஆகும். தட்டுப்பாடு வந்தபின் தேவைக்கு மேல் வாங்குவதும், விலையேற்றத்துக்காகப் பதுக்குவதும் ஆகாது. மதீனாவின் சந்தையில் பதுக்கலை உமர் (ரலி) அவர்கள் தடுத்தார்கள்.

மூன்றாவது, கடனை எழுதி வையுங்கள். சூரத்துல் பகராவில் இதற்கென்றே நீண்ட வசனம் உண்டு. யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் தர வேண்டும் என்பது மனைவி மக்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அதிக லாபம் என்று ஆசை காட்டும் ஒரே இடத்தில் அனைத்தையும் போடாதீர்கள். ஆர்பத்நாட் கம்பெனியிலும் நம்பித்தான் போட்டார்கள்.

நான்காவதே எல்லாவற்றிலும் பெரிது. ஜமாஅத்தார் முஹல்லாவில் தனியே இருக்கும் முதியவர், கர்ப்பிணிகள், படுக்கையில் கிடப்போர் யார் யார் என்று இன்றே ஒரு பட்டியல் எழுத வேண்டும். பைத்துல்மாலை வெள்ளம் வந்தபிறகு தொடங்க முடியாது. வீட்டுக்கு வீடு இணை சேர்த்து, இந்த வீட்டார் அந்த வீட்டாரைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவரானாலும் அந்தப் பட்டியலில் இடம் பெறட்டும். 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பல சமயம் பாராமல் கதவைத் திறந்தன. அந்தக் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டுமானால், அதற்குள்ளே ஒரு மூட்டை அரிசியும் ஒரு கொப்பரையும் இருக்க வேண்டும்.

மதீனாவுக்கு வெளியே ஓர் இரவு, பசித்த பிள்ளைகளை ஏமாற்ற வெறும் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டாள் ஒரு தாய். அதைக் கண்ட கலீபா கிடங்குக்கு ஓடி, மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்தார்கள். தாம் சுமப்பதாகச் சொன்ன பணியாள் அஸ்லமை, மறுமையில் தம் பாரத்தை அவர் சுமக்க முடியுமா என்று கேட்டு விலக்கினார்கள். மூட்டை சுமப்பது நம் துறைமுகத்து மக்களுக்குப் புதிதல்ல. ஆனால் அன்று சுமந்து வர ஒரு கிடங்கு இருந்தது. அதில் மாவு இருந்தது. அதை முன்பே நிரப்பி வைத்தவர்களும் அவர்களே. நம் வீட்டிலும் நம் பள்ளியிலும் அப்படி ஒரு கிடங்கை உண்டாக்கவும், அதைத் திறந்து கொடுக்கும் மனத்தைப் பெறவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.